30-06ஆ, 6.5 கிரீட்மோரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கமுங்க, கோயமுத்தூருங்க. தம்பி பையன் ரைபிள்ல 50 மீட்டர்ல நல்லா சுடறான், அடுத்து 300 மீட்டர் பிக் போர் (பெரிய தோட்டா ரைபிள்ல சுடறது) போகோணும்னு ஆசைப்படறான். எங்க அப்பாரு காலத்துல இருந்து 30-06 தான் பெருசா பேசுவோம், 1906ல வந்த தோட்டா, ஆனா இவன் 2007ல வந்த 6.5 கிரீட்மோர் தான் வேணும்ங்கறான், ரீகாயில் (சுடறப்ப தோள்ல பின்னால தள்ளறது) கம்மியாம், புல்லட் ஒல்லியா நீளமா இருக்கறதால காத்துல அவ்வளவா ஒதுங்காதாம். பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஆடிக்காத்து அடிக்கறப்ப நம்மூருக்கு அது பெரிய விசயந்தானுங்க. ஆனா 1890கள்லயே வந்த 6.5×55 ஸ்வீடிஷ் தோட்டாவும் கிட்டத்தட்ட அதே வேலையத்தான செய்யுது? 300 மீட்டர்ல ஸ்கோர்ல நெசமாலுமே வித்தியாசம் தெரியுமா, இல்ல 800, 1000 மீட்டர்னாதானா? ரெண்டும் சுட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணா, நம்ம பக்கம் தோட்டா எது தடையில்லாம கெடைக்கும்னும் சேத்துச் சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.