மாசிடோனிய மொழி தனி மொழியா, பல்கேரிய மொழியின் வட்டார வழக்கா?

கேள்வி:
வட மாசிடோனியாவின் மொழியைப் பற்றிப் படித்துவருகிறேன். அது தென் சிலாவிய மொழி என்பதும், மாவீரன் அலெக்சாண்டர் காலத்து மாசிடோனியரின் மொழிக்கும் அதற்கும் உறவில்லை என்பதும் தெளிவாகிவிட்டன. ஆனால் பல்கேரியா அதைத் தனி மொழியாக ஏற்க மறுத்து, 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான வட மாசிடோனியாவின் பேச்சுவார்த்தைகளையே தடுத்தது. இருவரும் ஒருவர் பேச்சை மற்றவர் பெருமளவு புரிந்துகொள்வார்கள் என்னும்போது, பல்கேரியாவின் வாதத்தில் நியாயம் உண்டா?

மறுமொழி 1:
புரிதலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் செர்பியம், குரோவேசியம் ஆகியவற்றையும் தனித்தனி மொழிகள் என்று சொல்ல முடியாது. சுலோவேனியாவிலிருந்து கருங்கடல் வரை தென் சிலாவியப் பேச்சு ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே செல்வதால், எந்த வட்டாரத்தின் பேச்சைப் பொதுமொழிக்கு அடித்தளமாகக் கொண்டார்கள் என்பதே முக்கியமாகிறது. பல்கேரியப் பொதுமொழி பெரிதும் கிழக்கு வழக்குகளின் மேல் எழுந்தது. மாசிடோனிய மொழியறிஞர் கிர்ஸ்தே மிசிர்கோவ் 1903இல், மாசிடோனியர்களுக்கென ஒரு எழுத்து மொழி வேண்டும், அதற்கு வேலெஸ், பிரிலெப், பிதோலா ஆகிய நடுப்பகுதியின் பேச்சே பொருத்தம் என்று வாதிட்டார். 1944 ஆகஸ்டு 2 அன்று மாசிடோனியம் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் 31 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு வந்தது. மொழியியலாளர் பிளாஷே கொனெஸ்கியின் இலக்கணம் 1950களில் வெளியானது.

வேறுபாடுகளும் சிறியவை அல்ல. பல்கேரியத்தில் அசையழுத்தம் எந்த அசையிலும் விழலாம். மாசிடோனியத்தில் அது பெரும்பாலும் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழும். புத்தகம் என்னும் பொருள்தரும் 'க்னிகா' என்ற சொல், குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைச் சுட்டும்போது 'க்னிகாதா' ஆகும். அது பேசுபவரின் அருகில் இருந்தால் 'க்னிகாவா', தொலைவில் இருந்தால் 'க்னிகானா'. இந்த மூவகைச் சுட்டு விகுதி பல்கேரியப் பொதுமொழியில் இல்லை. வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்திருப்பது இரண்டுக்கும் பொது.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1945ஆம் ஆண்டின் நெடுங்கணக்கு செர்பிய முறையைப் பெரிதும் ஒட்டியது. மாசிடோனியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் அரசியலுக்கு அதில் பங்கு உண்டு. பல்கேரியர்கள் இதைச் சுட்டிக்காட்டுவது தவறல்ல. ஆனால் அரசியல் தீர்மானித்தது எழுத்து முறையைத்தான்; மக்கள் வீட்டில் பேசிய பேச்சை எந்தக் குழுவும் உருவாக்கவில்லை. 1913க்குப் பின், செர்பிய ஆட்சியில், இன்றைய வட மாசிடோனியாவின் பள்ளிகளில் செர்பியம் கற்பிக்கப்பட்டது. 1941இல் பல்கேரியப் படைகள் வந்த பிறகு பல்கேரியம் திணிக்கப்பட்டது. கிரேக்கத்தில் சர்வாதிகாரி மெட்டாக்சாஸின் ஆட்சி, வீட்டுக்குள்ளும் சிலாவியப் பேச்சைத் தடைசெய்தது. இவ்வளவையும் கடந்து வந்த ஒரு பேச்சை அரசாங்கம் செய்த மொழி என்று சொல்வது எனக்கு அநீதியாகவே படுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பல்கேரியாவும் மாசிடோனியாவும் ஒப்பந்தங்களை எந்த மொழியில் எழுதுகின்றன?

மறுமொழி 1:
1999இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூட்டறிக்கை இரு நாடுகளின் ஆட்சிமொழிகளிலும் கையெழுத்தாகிறது என்று எழுதி, 'மாசிடோனியக் குடியரசின் அரசமைப்புச் சட்டத்தின்படி மாசிடோனிய மொழி' என்று குறிப்பிட்டார்கள். இதனால் மொழியை ஏற்றதாகவும் மறுத்ததாகவும் ஆகாமல் கையெழுத்திட முடிந்தது. மாசிடோனியா என்ற நாட்டுப் பெயரை நெடுங்காலம் எதிர்த்த கிரேக்கமோ, 2018இல் அந்நாட்டோடு செய்த பிரெஸ்பா ஒப்பந்தத்தில், அது தென் சிலாவிய மொழி என்ற விளக்கத்தோடு, 'மாசிடோனிய மொழி' என்ற பெயரையே ஏற்றுக்கொண்டது. பல்கேரியாவின் தடை 2022இல் நீங்கினாலும், மொழி குறித்த தன் நிலைப்பாட்டை அது மாற்றிக்கொள்ளவில்லை. எனினும் அதே ஆண்டு அக்டோபரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸ் தொடர்பான ஒப்பந்தம், எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் மாசிடோனிய மொழியிலும் கையெழுத்தானது.