தசையின் சாட்டிலைட் செல்: ‘ஒட்டுசெல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

தசை காயப்பட்டால் அதை மீட்டெடுக்க உதவும் ‘சாட்டிலைட் செல்’லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ‘துணைக்கோள் செல்’, ‘தசைவளர் செல்’, ‘உறங்குசெல்’ ஆகிய சொற்களை எடுத்துக்கொள்கிறேன். ‘துணைக்கோள் செல்’ வேண்டாம் என்பதே என் கருத்து. துணைக்கோள் என்றால் சுற்றிவர வேண்டும். இந்தச் செல் எதையும் சுற்றுவதில்லை. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற ஆய்வாளர் தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசையிழையின் சவ்வுக்கும் அதன்மேல் உறைபோல் படிந்திருக்கும் அடிப்படலத்துக்கும் நடுவே இவை அப்பிக் கிடந்தன. இழையின் விளிம்பில் இருந்ததால்தான் ‘சாட்டிலைட்’ என்ற பெயரே வந்தது.

‘தசைவளர் செல்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையோடு பொருந்தவில்லை. சுண்டெலிகளில் இந்தச் செல்களை நீக்கிச் செய்த சோதனைகள் 2011இல் வெளிவந்தன. காயம்பட்ட தசை மீளவே இல்லை. ஆனால் அதிகச் சுமை ஏற்றப்பட்ட தசை, குறுகிய காலத்துக்காவது, இவை இல்லாமலே பருத்தது. தசையிழை தனக்குள்ளேயே புரதத்தைக் கூட்டிப் பருக்க முடியும். அறுந்துபோன இழையை மீட்கத்தான் இந்தச் செல்கள் கட்டாயம் தேவை. உடற்பயிற்சி பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள். கலைச்சொல்லும் சேர்ந்து குழப்பக் கூடாது.

‘உறங்குசெல்’ கிட்டத்தட்டச் சரி, காயம் இல்லாதபோது இந்தச் செல் உறங்கித்தான் கிடக்கிறது. ஆனால் காயம் பட்டதும் அது விழித்துப் பிரிந்து பெருகத் தொடங்குகிறதே, அப்போது ‘விழித்த உறங்குசெல்’ என்றா எழுதுவது?

‘ஒட்டுசெல்’ என்று வைக்கலாம். நடுவில் ச் வராது, இது வினைத்தொகை. ஒட்டிய, ஒட்டுகிற, ஒட்டும் என மூன்று காலமும் இந்தச் செல்லுக்குப் பொருந்துகின்றன. இழையை ஒட்டியே கிடக்கிறது. தசை காயப்பட்டால் பெருகி, அதன் வழிவந்த செல்கள் இழையோடு ஒட்டி ஒன்றாகி, தங்கள் உட்கருக்களை அதற்குக் கொடுக்கின்றன. தசையிழையின் உட்கருக்கள் தாமாகப் பிரிவதில்லை, ஆகவே இந்த வரவு முக்கியம். ஒரு பங்கு செல்கள் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பி அடுத்த காயத்துக்காகக் காத்திருக்கின்றன. ‘ஒட்டுச்செல்’ என்று ச் போட்டால் தோல் ஒட்டு, மரத்தில் கட்டும் ஒட்டு நினைவுக்கு வரும், அதைத் தவிர்ப்போம். நரம்பு முடிச்சுகளிலும் இதே ஆங்கிலப் பெயரில் வேறு செல்கள் இருப்பதால், முதல்முறை எழுதும்போது ‘தசை ஒட்டுசெல்’ என்று முழுதாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம், ஒட்டுசெல்லிலிருந்து வந்து பெருகும் கட்டத்தில் இருக்கும் செல்லான மையோபிளாஸ்டுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘தசைமுகிழ் செல்’ என்று எனக்குத் தோன்றுகிறது. தாவரவியலில் முகிழை மொட்டுக்கு ஆள்கிறார்கள் என்பதால், அத்துறையினருக்கு இடறலாக இருக்குமா என்று சொல்லுங்கள்.