பழைய மோட்டார் கனூவுக்கு எஞ்சின் தேடுகிறேன்

வணக்கம். இருப்பது கனடாவில், பீட்டர்பரோ பக்கம். 18 அடி நீள சீடர் மரக் கனூ (ஒடுங்கிய, லேசான படகு) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1910-களில் கட்டியதாக இருக்கும் என்பது என் கணிப்பு. எஞ்சின் உட்கார்ந்த கட்டைகளும் புரொப்பெல்லர் தண்டு போகும் துளையும் அப்படியே இருக்கின்றன. எஞ்சின்தான் இல்லை.

அந்தக் காலத்து ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 2 அல்லது 3 குதிரைத்திறன் போதும். இந்த நீளத்துக்கு மணிக்கு 6 கடல்மைலைத் தாண்டுவது கஷ்டம். பெரிய எஞ்சின் வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து அலைதான் கிளம்பும். எடைதான் என் பெரிய கவலை. கிழக்குக் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் செய்த அக்கேடியா, அட்லாண்டிக் எஞ்சின்கள் சுலபமாகக் கண்ணில் படுகின்றன, ஆனால் அவை மீன்பிடிப் படகுக்கென வார்த்த கனத்த இரும்பு. இந்த மெல்லிய பலகை பாவம், தாங்காது. கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) அலுமினியமாக இருந்தால் ரொம்ப நல்லது.

ஓடாத எஞ்சினானாலும் சரி. பற்றவைக்க பழைய ஃபோர்டு மாடல் டி காரின் தீப்பொறிக் காயில் வைத்துச் சமாளித்துவிடலாம். பனியில் தண்ணீர் உறைந்து ஜாக்கெட் (சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் உறை) வெடித்தது மட்டும் வேண்டாம்.

யாரிடமாவது இருந்தால், அல்லது இப்படி ஒரு கனூவில் எஞ்சின் பொருத்திய அனுபவம் இருந்தால், எடையும் தண்டின் உயரமும் சொல்லுங்கள். கட்டையை அறுத்து மாற்ற மனசு வரவில்லை.