'நன்றி: கூகுள்' போட்டால் போதாதா?

குடைக்காளான்: எங்கள் வாசகர் குழுவின் மாத இதழுக்குப் படம் தேடிக் கொடுப்பது என் வேலை. போன இதழில் கூகுளில் கிடைத்த ஓர் ஆந்தைப் படத்தைப் போட்டு, கீழே 'நன்றி: கூகுள்' என்றும் எழுதியிருந்தேன். இப்போது வரைந்தவர் மெயில் அனுப்பி, படத்தை எடுக்கச் சொல்கிறார். இதழை நாங்கள் விற்பதுகூட இல்லை. நன்றி சொல்லியும் குற்றமா?

ஒற்றைப்புள்ளி: ஆந்தையை வரைந்தது கூகுள் இல்லையே! அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். இனிமேல் படத் தேடலில் 'கருவிகள்' என்பதற்குள் இருக்கும் பயன்பாட்டு உரிமையில் கிரியேட்டிவ் காமன்ஸை, அதாவது படைத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி தரும் பொது உரிமத்தை, தேர்ந்தெடுங்கள். அப்புறம், படம் இருக்கும் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படியுங்கள். வடிகட்டியை மட்டும் நம்ப முடியாது.

பழையமவுஸ்: ஓர் ஆந்தைக்கு இத்தனை சடங்கா? 2014 வரை வேர்டுக்குள்ளேயே கிளிப் ஆர்ட் என்று தயார்ப் படங்கள் இருந்தன. எடுத்தோம், ஒட்டினோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அதைத் தூக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கை வைத்தார்கள். தேடிப் போட்டுக்கொள் என்று மைக்ரோசாஃப்டே சொன்ன மாதிரிதானே?

ஒற்றைப்புள்ளி: வேர்டில் இருந்தவை உரிமத்தோடு வந்தவை. பிங் வந்தபோதும் கிரியேட்டிவ் காமன்ஸ் வடிகட்டியோடுதான் வந்தது. உரிமையைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு என்று ஒரு வரியும் இருந்தது. அதை யார் படித்தோம்!

குடைக்காளான்: சரி, கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் இலவசம்தானே?

மைக்கூடு: காசில்லை, நிபந்தனை உண்டு. உரிமத்தின் பெயரில் 'பிஒய்' என்றால் வரைந்தவர் பெயர் வேண்டும். 'என்சி' வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' இருந்தால் மாற்றியதை வெளியிட முடியாது. ஆந்தைக்குத் தொப்பி வரைந்தால் அவ்வளவுதான். 'சிசி ஜீரோ'வில் எதுவும் கேட்கமாட்டார்கள். இலவசப் படத் தளங்களான பிக்சாபேயும் அன்ஸ்பிளாஷும் ஒரு காலத்தில் சிசி ஜீரோதான். அன்ஸ்பிளாஷ் 2017-லும் பிக்சாபே 2019-லும் சொந்த உரிமத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைப்பில் எடுக்காதீர்கள்.

பழையமவுஸ்: ஒழுங்காக இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா? கரோல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆயிரக்கணக்கான படங்களை அந்த நாட்டு காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்து, பொதுமக்கள் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டவர். அவர் எடுத்த படத்தை அவர் தளத்திலேயே போட்டதற்கு 120 டாலர் கட்டு என்று, படம் விற்கும் ஒரு நிறுவனத்தின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது. உங்கள் உரிமம் எங்கே போயிற்று?

மைக்கூடு: நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். ஆதாரம் காட்டினார், அந்தக் கோரிக்கை நின்றுபோனது. அதனால்தான் நான் ஒவ்வொரு படத்துக்கும் பக்க முகவரி, வரைந்தவர் பெயர், உரிமம், எடுத்த தேதி நாலையும் ஒரு கோப்பில் எழுதி, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைக்கிறேன். அரை நிமிட வேலை. ஆனால் தன் படங்களை விற்ற நிறுவனங்கள் மீது அவர் 2016-ல் தொடுத்த வழக்கின் பெரும்பகுதி தள்ளுபடியானதும் உண்மை. பொதுவில் விட்டதை யாரும் விற்கலாம், அது கசப்புதான்.

ஒற்றைப்புள்ளி: குடைக்காளான், பழைய பாணி ஆந்தை போதுமென்றால் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 2017-ல் 3.75 லட்சம் படங்களை சிசி ஜீரோவில் விட்டார்கள். கோட்டோவியம் வேண்டுமென்றால் ஓப்பன்கிளிப்ஆர்ட் தளம். புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பாகக் கிடைக்கும், சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாது.

பழையமவுஸ்: அது சரி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படம் என்று இறக்கினால், பின்னணி இல்லை என்று காட்டும் அந்தச் சாம்பல் கட்டமும் படத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறதே, அதற்கு எந்த உரிமம்?

மைக்கூடு: அது போலி. தேடல் பட்டியலிலேயே கட்டம் தெரிந்தால் தொடாதீர்கள். நிஜமானது அங்கே வெள்ளையாக இருக்கும், சொடுக்கிய பிறகுதான் கட்டம் வரும்.

குடைக்காளான்: மெட்டில் ஓர் ஆந்தை கிடைத்துவிட்டது. பக்கத்தில் சிசி ஜீரோ என்று போட்டிருக்கிறது, கோப்பிலும் எழுதிவிட்டேன். மெயில் அனுப்பியவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

பழையமவுஸ்: எங்கே, லிங்க் போடுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும்.