சர்க்கரைக்காக வயிற்றில் அறுவை சிகிச்சையா?

கதிர்: தம்பிக்கு டைப் 2 சர்க்கரை, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 36. மூன்று வகை மாத்திரை போட்டும் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 9 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கச் சொல்கிறார் டாக்டர். சர்க்கரைக்காக நன்றாக இருக்கிற வயிற்றை வெட்டுவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

முல்லை: கட்டாயம் யோசிக்க வேண்டும் கதிர். இது எடையோடு நிற்கிற விஷயமில்லை. வயிற்றைச் சிறிதாக்கிச் சிறுகுடலின் கீழே இணைக்கிற பைபாஸ் அறுவை செய்த பலருக்கு எடை பெரிதாகக் குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கிவிடுகிறது. சாப்பாட்டு அளவு குறைவது ஒரு காரணம். உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 ஹார்மோன் அதிகம் சுரந்து இன்சுலினைத் தூண்டுவது இன்னொன்று. அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வில் 150 பேரைச் சேர்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். பைபாஸில் 29, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் முறையில் 23. 2016-ல் பல நாட்டு நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து, பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்து மருந்துக்கு அடங்காத சர்க்கரைக்கு இதைப் பரிந்துரைத்திருக்கின்றன. ஆசியர்களுக்கு அந்த எல்லை இன்னும் 2.5 குறைவு.

கதிர்: உங்கள் கணக்குப்படியே பைபாஸ் செய்தவர்களில் 71 சதவீதம் பேர் அந்த இலக்கைத் தொடவில்லையே! ஸ்வீடனின் எஸ்ஓஎஸ் ஆய்விலும் இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, பத்து வருடத்தில் அது 36 ஆகிவிட்டது. போன சர்க்கரை திரும்பி வருகிறது, வெட்டிய வயிறு வருமா? பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில் வெறும் கலோரிக் குறைப்பிலேயே ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு அடங்கியது.

முல்லை: டைரக்டில் சேர்த்தது, சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை. இன்சுலின் போடுபவர்கள் கிடையாது. அதிலும் அடுத்த வருடமே 46 என்பது 36 ஆனது. உங்கள் தம்பிக்கு எத்தனை வருடமாக இருக்கிறது? கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் மிச்சமிருக்கும்போது செய்தால்தான் பலன் அதிகம். கடைசி வழி என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். சி-பெப்டைட் என்ற பரிசோதனை செய்தால் அந்தத் திறன் எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு தெரியும்.

சேந்தன்: நான் பைபாஸ் செய்துகொண்டவன். மாத்திரைகள் நின்றுவிட்டன, அதில் எனக்கு நிம்மதி. ஆனால் இனிப்பு கொஞ்சம் கூடிவிட்டால் அரை மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், சட்டை நனைய வியர்க்கும், படுத்தே ஆக வேண்டும். டம்பிங் என்பார்கள். பி12, இரும்புச்சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இதையெல்லாம் தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கதிர்: நன்றி சேந்தன், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சரி, சி-பெப்டைட் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் சர்க்கரையையும் எடையையும் குறைக்கிற செமாக்ளூடைட் ஊசியை முயன்று பார்க்காமல் அறுவைக்குச் சம்மதிக்க மாட்டேன்.

முல்லை: முயலட்டும். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். அப்புறம், எந்த வழியானாலும் முதலில் விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள். ஏற்கெனவே அங்கே பாதிப்பு இருந்தால், சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது அது மோசமாகலாம்.