ஸ்பொன்சர் ரிஜெக்ட் ஆகிட்டுது, ஸ்காபரோவில நல்ல லோயரை எப்பிடிப் பிடிக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர அவரை கனடாவுக்கு கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் ரிஜெக்ட், ஃபோர்ம் நிரப்பின ஆள் இப்ப போனே எடுக்கிறாரில்லை, ஆரிட்ட போறது எண்டே தெரியேல்ல.

பதில் 1: தங்கச்சி பயப்பிடாதேங்கோ, ஆனா அப்பீலுக்கு கடிதம் கிடைச்சதில இருந்து 30 நாள்தான், முதல்ல திகதியைப் பாருங்கோ. லோயர்மாருக்கு லைசென்ஸ் குடுக்கிற ஒன்டாரியோ லோ சொசைட்டியின்ர டிரெக்டரியில லோயரின்ர பேரை அடிச்சா லைசென்ஸ் இருக்கோ எண்டு தெரியும்.

பதில் 2: லோயர் இல்லாம இமிகிரேஷன் கொன்சல்டன்ட் எண்டா, சும்மா ஆர்சிஐசி எண்ட சாதாரண கொன்சல்டன்ட் லைசென்ஸ் காணாது, அப்பீலில நிக்க ஆர்சிஐசி-ஐஆர்பி லைசென்ஸ் வேணும். கட்டாயம் வெல்லலாம் எண்டு சொல்லுறவையிட்ட போகாதேங்கோ பிள்ளை. நான் 3 பேரோட கதைச்சுத்தான் ஒராளை எடுத்தனான், காசு விபரம் எல்லாம் எழுத்தில வாங்கினான்.

கேட்டவர்: நன்றி அண்ணா, கடிதம் வந்து 9 நாள், நாளைக்கே கோல் பண்ணுறன்.