டெல்டாவுக்குள்ள எரிவாயுக் குழாய்: வேளாண் மண்டலச் சட்டம் எதுக்கு?

பொன்னிக்கரை:
2020 பிப்ரவரியில காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டப்ப வெடி வெடிச்சவன் நான். அந்தச் சட்டத்தோட 4ஆம் பிரிவை இப்பதான் முழுசாப் படிச்சேன். புதுசா எண்ணெய், எரிவாயுக் கிணறு கூடாதாம். ஆனா ரோடு, துறைமுகம், குழாய்ப் பாதைக்குத் தடை இல்ல. இனிமே வரப்போறதுக்கும் சேர்த்து. வாசல்ல பூட்டு, கொல்லைப்பக்கம் திறந்து கிடக்கு.

குழாய்க்காரன்:
இந்த வேலைதான் பார்க்கிறேன், சொல்றேன். குத்தாலம், திருமாக்கோட்டை மின் நிலையமெல்லாம் எரிவாயுவுல ஓடுறது. குழாய் வேணாம்னா லாரியிலயா ஏத்துறது? குழாய் பதிக்கிறதுக்குன்னே இருக்கிற 1962 சட்டப்படி நிலத்தைப் பறிக்கிறதில்ல, பயன்படுத்துற உரிமை மட்டும்தான். பட்டா உங்க பேர்லயே இருக்கும். கீழ குழாய், மேல நெல்லு.

பொன்னிக்கரை:
நெல்லு சரி. போர்வெல் போடலாமா? வீடு கட்டலாமா? நாலு தென்னை வைக்கலாமா? அதுக்கெல்லாம் சேர்த்து நில மதிப்புல 10 சதவீதம்! எங்க மூணு மா வயல்ல குறுக்க போச்சுண்ணே. அடிக்களியை மேல போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பட்டையில மட்டும் பயிர் மஞ்சளா, கணுக்கால் உசரம். அடுத்த வருஷம் மண்ணு உள்வாங்கி டயர் வச்ச அறுப்பு மிஷின் புதைஞ்சு போச்சு. பெல்ட் மிஷின் வந்துதான் இழுத்துச்சு. வாடகை என் தலையில.

குழாய்க்காரன்:
அது மூடினவன் தப்பு. மேல்மண்ணைத் தனியா ஒதுக்கி வச்சு கடைசியில பரப்பணும்.

கொங்குத்தம்பி:
எங்க கொங்குப் பக்கம் 7 மாவட்டத்து கெயில் எரிவாயுக் குழாய்க் கதை தெரியும்ல? நெடுஞ்சாலை ஓரமா கொண்டு போங்கன்னு 2013ல ஜெயலலிதா சட்டசபையிலயே சொன்னாங்க. உயர் நீதிமன்றம் ஏத்துக்கல. 2016ல உச்ச நீதிமன்றமும் தள்ளிருச்சு. 1962 சட்டம் மத்திய அரசோடது. உங்க 4ஆம் பிரிவு இல்லாட்டியும் குழாய் நின்னிருக்குமாங்கறதே சந்தேகம்தானுங்க.

தேவி_மாயவரம்:
ஆந்திராவுல நகரம் கிராமத்துல 2014 ஜூன்ல குழாய் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்களே, அதையும் சொல்லுங்க.

குழாய்க்காரன்:
மறுக்கலம்மா. உலர்ந்த வாயுவுக்குன்னு போட்ட குழாய்ல ஈரத்தோட அனுப்பி, உள்ள அரிச்சுப் போச்சு. பராமரிப்புக் கோளாறு. அதுக்காகக் குழாயே வேணாம்னா எப்படி? கோடையில தோண்டி, மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்குள்ள மூடினா பாதிப் பிரச்சினை தீரும்.

பொன்னிக்கரை:
2019 மே மாசம் செம்பனார்கோவில் பக்கம் நட்ட வயல்லயே இறக்கினாங்க. அதுவும் கோடைதான். தேதி போட்டு எழுத்துல தருவாங்களாண்ணே?

குழாய்க்காரன்:
நான் பார்த்த ஒப்பந்தம் எதுலயும் அப்படி ஒரு வரி இல்ல.